வாயைக் கட்டு, ட்ரிப்ஸ் போடு: அறுவைக்கு முந்தைய போதனை தேறுகிறதா?

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை, வார்டில் செவிலியர் நோயாளியிடம் சொல்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று மயக்க மருந்து பற்றியது: முதுகில் ஊசியா, முழு மயக்கமா, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வதா. மற்றது உடம்புக்குள் போகும் நீர் பற்றியது: எத்தனை மணியிலிருந்து வாயைக் கட்ட வேண்டும், ட்ரிப்ஸ் எதற்கு, மறுபடி எப்போது குடிக்கலாம். பாடப் புத்தகத்தில் இவை வெவ்வேறு அத்தியாயங்கள். நோயாளியின் உடம்பில் இரண்டும் ஒரே கதை. ஸ்பைனல் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே வலி மட்டும் நிற்பதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் வேலையை நிறுத்துகின்றன. குழாய்கள் விரிந்து கால்களில் ரத்தம் தேங்குகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் வேகமாக ஓடுவதும், அழுத்தத்தை ஏற்றும் மருந்து சிரிஞ்சில் தயாராக இருப்பதும் அதற்காகத்தான். நீர் வற்றிய உடம்புக்கு இந்த இறக்கம் கூடுதல் ஆபத்து. ஆக, முதல் நாள் இரவு எவ்வளவு குடித்தார் என்பதும் மறுநாள் எந்த ஊசி என்பதும் தொடர்புள்ள சங்கதிகள்.

இந்தப் போதனை உண்மையில் பயன்படுகிறதா? எடைபோட மூன்று கேள்விகள் போதும். சொல்லப்படுவது இன்றைய அறிவுப்படி சரியா? அதை வைத்து நோயாளியால் ஏதாவது செய்ய முடியுமா? சொன்னது அவர் மனதில் ஏறியதா என்று யாராவது பார்க்கிறார்களா?

போதனைக்குச் சாதகமான சான்று

போதனையின் பக்கம் நிற்கும் சான்று வலுவானது. 1846இல் ஈதர் மயக்கத்தை மார்ட்டன் உலகுக்குக் காட்டிய பாஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் இரண்டு ஆய்வுகளைச் செய்தார்கள். 1963இல் வெளியானது, அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் நேரில் வந்து பேசுவது, பதற்றம் தணியக் கொடுக்கும் பென்டோபார்பிட்டல் மருந்தைவிட நன்றாக நோயாளியை அமைதிப்படுத்துகிறது என்று காட்டியது. 1964இல் வெளியான ஆய்வில் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசையைத் தளர்த்துவது எப்படி, படுக்கையில் திரும்புவது எப்படி என்று விளக்கினார்கள். அவர்களுக்கு வலிமருந்து ஏறத்தாழப் பாதியே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்று அறியாத அறுவை மருத்துவர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

1970களில் செவிலியர் ஆய்வாளர் ஜீன் ஜான்சன் இதை இன்னொரு கோணத்தில் எடுத்துச் சென்றார். என்னென்ன செய்வார்கள் என்ற வரிசையைச் சொல்வதைவிட, உடம்பில் என்ன உணர்வு தெரியும் என்று முன்கூட்டிச் சொல்வது தவிப்பைக் குறைக்கிறது என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம்.

எதிர்த்தரப்பிலும் சான்று உண்டு. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்கு முந்தைய போதனை பற்றி 2014இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 1,463 பேர் பங்கேற்ற 18 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்பைவிடப் பதற்றத்திலோ வலியிலோ நடமாட்டத்திலோ பெரிய கூடுதல் பலன் எதுவும் தேறவில்லை. போதனையே வீண் என்று இதைப் படிப்பது அவசரம். ‘வழக்கமான கவனிப்பு’ என்பதற்குள்ளேயே ஓரளவு பேச்சு இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சிற்றேட்டையும் ஒரு வகுப்பையும் சேர்த்தால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றுதான் அது சொல்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று துலங்குகிறது. எக்பர்ட் குழு சொன்ன ஒவ்வொரு சொல்லும் நோயாளி மறுநாள் கையில் எடுத்துப் பயன்படுத்தக் கூடியது. தகவலின் அளவு கூடியதால் அங்கே பலன் கிடைக்கவில்லை. செய்யத்தக்கதைச் சொன்னதால் கிடைத்தது. நம் வார்டுகளில் நடப்பதை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

வகைகளைத் தெரிந்து என்ன செய்ய?

செவிலியர் மாணவிகள் வார்டில் நடத்தும் ‘ஹெல்த் டாக்’ பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் தெரியும். கையில் ஃபிளாஷ் கார்டு, பின்னால் சார்ட், நோட்டில் பொது நோக்கம், சிறப்பு நோக்கம், போதிப்பவர் செயல், கற்பவர் செயல் என்று கட்டம் கட்டிய பாடத் திட்டம். “மயக்க மருந்து மூன்று வகைப்படும்” என்று தொடங்கும். முழு மயக்கம், பகுதி மரப்பு, இட மரப்பு. பகுதி மரப்பில் ஸ்பைனல், எபிடியூரல், நரம்புக் கட்டு. ஒவ்வொன்றுக்கும் நன்மை, தீமை. சொல்வதில் தவறில்லை. ஆனால் இது தேர்வில் எழுதுவதற்கான பகுப்பு. நாளை காலை ஹெர்னியா அறுவைக்குப் போகிறவருக்கு, தனக்குப் போடப்போவது ஒன்றைத்தான் தெரிய வேண்டும். எந்த வகை என்பதை அறுவையின் இடம், இதயம், நுரையீரல், ரத்தம் உறையும் தன்மை என்று பலவற்றைப் பார்த்து மயக்க மருத்துவர் முடிவுசெய்கிறார். நோயாளி தேர்ந்தெடுக்க இடமிருக்கும் தருணங்கள் உண்டு. முழங்கால் அறுவையில் முழு மயக்கமா ஸ்பைனலா என்பது பல நேரங்களில் பேசி முடிவெடுக்கக் கூடியது. அப்போதும் அவர் ஒப்பிட வேண்டியவை இரண்டு. அட்டவணை முழுவதும் அவருக்கு வேண்டாம்.

அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஸ்பைனல் என்றால், உட்கார்த்தி அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். மருந்து நனைத்த பஞ்சு முதுகில் சில்லென்று படும். ஊசி குத்தும் நேரத்தில் அசையக் கூடாது. இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு கால்களில் வெதுவெதுப்பு பரவி, கனம் கூடி, தூக்க முடியாமல் போகும். வலி இருக்காது, ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும். இந்தக் கடைசி வரி சொல்லப்படாததால் சிசேரியன் மேஜையில் “மருந்து வேலை செய்யல” என்று பதறிய பெண்கள் பலர். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: குமட்டினாலோ தலை சுற்றினாலோ மூச்சு முட்டுவதுபோல் இருந்தாலோ உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள், அது ரத்த அழுத்தம் இறங்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இப்படிச் சொன்னால் நோயாளியே கண்காணிப்பில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். முழு மயக்கம் என்றால் ஆடும் பல், செட் பல், முன்பு மயக்க மருந்தில் வந்த தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது நேர்ந்தது என எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் போட்டதால் ஓரிரு நாள் தொண்டை கரகரக்கலாம். இவ்வளவு சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். மூன்று வகைகளை விளக்குவதற்கும் அதே ஐந்து நிமிடம்தான்.

நம்பிக்கைகளைத் திருத்தும் இடத்தில் போதனை இன்னும் தடுமாறுகிறது. “சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைலேருந்து இடுப்பு வலி” என்பது தமிழ் வீடுகளில் அசைக்க முடியாத கூற்று. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் பிரசவ வலிக்கு எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வில் நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களும், குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிரும் மாதங்களும் அந்த வலிக்குப் போதுமான காரணங்கள். இதைப் பொறுமையாகச் சொல்லாமல் “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று முடிப்பது சரியான பதில் ஆகாது. ஏனென்றால் ஒன்று ஆகலாம்: தண்டுவட நீர் கசிவதால் வரும் தலைவலி. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், பெரும்பாலும் முதல் சில நாட்களில் தலைகாட்டும். பென்சில் முனை கொண்ட மெல்லிய ஊசிகள் அதன் வாய்ப்பைக் குறைத்திருக்கின்றன, இல்லாமல் செய்துவிடவில்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், நான்காம் நாள் இந்தத் தலைவலி வந்தால் மருத்துவமனைக்குத் திரும்பாமல் தைலம் தேய்த்துக்கொண்டு கிடப்பார்.

இந்தத் தலைவலியைத் தடுக்க வார்டில் ஒரு கட்டளை உண்டு: “இருபத்துநாலு மணி நேரம் தலைகாணி வைக்காதீங்க, தலையைத் தூக்காதீங்க.” இதோடு ‘நிறைய தண்ணீர் குடித்தால் வராது’ என்பதும் சேரும். இரண்டையும் ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு 2013இல் வந்து 2016இல் புதுப்பிக்கப்பட்டது. படுத்தே இருப்பது இந்தத் தலைவலியைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. கூடுதல் நீருக்கும் தடுக்கும் ஆற்றல் தெரியவில்லை. படுத்தால் வலி தணிகிறது என்பது உண்மை. அதிலிருந்து, படுத்தே இருந்தால் வலி வராது என்று முடிவுகட்டியதுதான் பிழை. சரியான அறிவுரை இதைவிடச் சிறியது: கால் மரப்பு முழுக்கப் போகும்வரை தனியாக எழாதீர்கள், முதல்முறை எழும்போது ஆள் பிடிக்கட்டும், தலைகாணி வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வியில், அதாவது உண்மையில், போதனை இங்கே பாதி மதிப்பெண்தான் பெறுகிறது.

வெறும் வயிறு

நீர் பற்றிய போதனையில் பெரிய சறுக்கல் இங்கேதான். ஒரு வழக்கமான உரையாடல்:

“சிஸ்டர், காலைல ஒரு வாய் காபி மட்டும்…”

“ஒண்ணும் கூடாதும்மா. பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் கூடாது.”

அந்த அம்மாவுக்கு மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அறுவை. இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒன்பதுக்குத் தண்ணீர் குடித்துப் படுத்தவர், பதினேழு மணி நேரம் நாக்கு வறண்டு கிடக்கிறார்.

இந்தக் கட்டளைக்குப் பின்னால் நியாயமான பயம் உண்டு. 1946இல் கர்டிஸ் மெண்டல்சன் நியூயார்க்கில் பிரசவத்துக்கு வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து, 44,016 பேரில் 66 பேருக்கு மயக்கத்தின்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போனதைக் காட்டினார். அந்தப் பயம் நியாயம். அதிலிருந்து வந்த ‘நள்ளிரவு’ என்ற கோடு அறிவியலுக்குத் தேவையானதைவிட மிகத் தாண்டிப் போனது. வெறும் தண்ணீர் ஆரோக்கியமான வயிற்றிலிருந்து விரைவாக இறங்கிவிடும். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 1999இலிருந்து, 2023 புதுப்பிப்பு வரை, ஒரே திசையில்தான் பேசுகிறது: தெளிந்த திரவம் மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை, தாய்ப்பால் 4 மணி நேரம், மற்றப் பாலும் லேசான உணவும் 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததும் கொழுப்பும் இறைச்சியும் 8 மணி நேரம். குழந்தைகளுக்குத் தெளிந்த திரவத்தை 1 மணி நேரம் முன்புவரை ஐரோப்பிய வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. பிரிட்டனில் சில மருத்துவமனைகள், தியேட்டருக்கு அழைக்கும்வரை சிறு மிடறுகளாகத் தண்ணீர் குடிக்க விடுகின்றன.

விதிவிலக்குகள் உண்டு: பிரசவ வலியில் இருப்பவர், குடல் அடைப்பு உள்ளவர், நீண்டகாலச் சர்க்கரை நோயால் வயிறு மெதுவாக இயங்குபவர், அவசர அறுவைக்கு வந்தவர். இவர்களுக்குத் தனி ஏற்பாடு. மற்றவர்களுக்கு நள்ளிரவுக் கட்டளையை நியாயப்படுத்த முடியாது.

இந்தக் கட்டளையைக் காப்பாற்ற வார்டுச் செவிலியர்கள் சொல்லும் வாதங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல. தியேட்டர் லிஸ்ட் மாறும். நான்காவது கேஸ் திடீரென்று முதல் கேஸ் ஆகும். ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்றால் வீட்டார் பால் காபியைக் கொடுத்துவிடுவார்கள். கேஸ் தள்ளிப்போனால் திட்டு வாங்குவது செவிலியர். எளிய கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் எளிமை வேண்டும் என்பதற்காகத் தவறான நேரம் வேண்டியதில்லை. எட்டு மணிக்குத் தியேட்டர் தொடங்கும் இடத்தில் “காலை ஆறு மணி வரை வெறும் தண்ணீர் மட்டும் எல்லாரும் குடிக்கலாம்” என்பது அதே அளவு எளிது. யார் முதல் கேஸ் ஆனாலும் பழுதில்லை. ஆறு மணிக்குப் பிறகு, கடைசி கேஸ்களுக்கு மயக்க மருத்துவர் நேரம் குறித்துத் தரலாம். மேலே கண்ட உரையாடல் இப்படி மாறும்:

“அம்மா, ராத்திரி எட்டு மணிக்குள்ள இட்லி சாப்பிட்டுருங்க. பூரி, கறி வேணாம். பால், காபி, டீ, மோர், கஞ்சி எதுவும் காலைல கூடாது. தண்ணி மட்டும் ஆறு மணி வரைக்கும் குடிங்க. அப்புறம் நான் சொல்றவரைக்கும் ஒண்ணும் வேணாம். சர்க்கரை மாத்திரை காலைல போட வேணாம்; பி.பி. மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். இப்ப நான் சொன்னத நீங்க சொல்லுங்க பாப்போம்.”

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அந்த அம்மா செய்ய வேண்டியதோ செய்யக் கூடாததோ. கடைசி வாக்கியம், அவர் புரிந்துகொண்டதைச் செவிலியருக்குக் காட்டும் சோதனை. வழிகாட்டுதலில் உள்ள ‘தெளிந்த திரவம்’ என்பது நம் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று மோர், கஞ்சி, பால் காபி பெயர் சொல்லிப் பட்டியல் போட்டதில்தான் இந்தப் பேச்சின் பலம்.

பாட்டிலில் என்ன இருக்கிறது?

மயக்கத்தின் வகைகளைச் சொல்ல வார்டில் சார்ட் உண்டு. கம்பியில் தொங்கும் பாட்டிலைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்: அது குளுக்கோஸ், ஏற்றினால் தெம்பு வரும், நிறைய ஏற்றினால் நிறையத் தெம்பு. “ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, இன்னொரு பாட்டில் போடுங்க சிஸ்டர்” என்ற வேண்டுகோள் பிறப்பது இங்கேதான்.

உண்மை எளிது. தியேட்டரில் பெரும்பாலும் ஓடும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்), என்.எஸ். (0.9 சதவீத உப்புநீர்) இரண்டிலும் சர்க்கரையே கிடையாது. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு வாழைப்பழத்தின் தெம்புகூட அதில் கிடைக்குமா என்பது சந்தேகம். 0.9 சதவீத உப்புநீர் 500 மில்லி பாட்டிலிலோ நான்கரை கிராம் உப்பு இருக்கிறது. ஒருவர் நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் ‘இன்னொரு பாட்டில்’ என்பது என்ன என்று இந்தக் கணக்கு சொல்லும்.

சிரை வழி ஏற்றும் நீர் தொடக்கத்திலிருந்தே மருந்துதான். 1832இல் காலரா பரவியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைவதை ஓ'ஷாஹ்னெஸி என்ற இளம் மருத்துவர் காட்டினார். பிற்காலத்தில் கல்கத்தாவில் பணியாற்றியவர் அவர். அந்தக் கண்டுபிடிப்பை வைத்து லீத் நகரின் தாமஸ் லாட்டா உப்புநீரைச் சிரையில் ஏற்றினார். இழந்ததை இழந்த அளவுக்கு ஈடுகட்டுவதே அன்றைக்கும் இன்றைக்கும் நோக்கம். எவ்வளவு என்பதில் மருத்துவர்களே ஒரு காலத்தில் அளவு மீறி ஊற்றினார்கள்; அப்புறம் கையை இறுக்கினார்கள். 2018இல் வெளியான ‘ரிலீஃப்’ பரிசோதனை, பெரிய வயிற்று அறுவைக்கு வந்த ஏறத்தாழ 3,000 பேரில் கட்டுப்படுத்திய அளவையும் தாராளமான அளவையும் ஒப்பிட்டது. ஓராண்டில் ஊனமின்றி வாழ்ந்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்றேதான். ஆனால் கட்டுப்படுத்திய பிரிவில் சிறுநீரகப் பாதிப்பு 8.6 சதவீதம், மற்றதில் 5.0 சதவீதம். இரு பக்கமும் சறுக்கல் உண்டு, அளவு முக்கியம் என்பதே இதன் பாடம்.

நோயாளிக்கு இந்த ஆய்வெல்லாம் வேண்டாம். ஆனால் பாட்டில் மருந்து என்பது தெரிந்தால் வீட்டார் நடத்தை மாறும். ட்ரிப்ஸ் மெதுவாக இறங்குகிறது என்று உடனிருக்கும் வீட்டார் கட்டைவிரலால் ரோலரைத் தள்ளிவிடுவதை எந்த வார்டிலும் பார்க்கலாம். 20 சொட்டுக்கு 1 மில்லி கணக்கில் உள்ள செட்டில், 500 மில்லி பாட்டில் நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. நோயாளிக்கு அந்த எண் வேண்டாம், “இந்தப் பாட்டில் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தீரணும். முன்னாடியே தீந்தாலும், தீரவே இல்லைன்னாலும் கூப்பிடுங்க, ரோலரத் தொடாதீங்க” என்பது போதும். வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்ட கை வீங்கினாலோ எரிந்தாலோ சொல்ல வேண்டும். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ஸ்பைனலுக்குப் பிறகு சிறுநீர் தேங்குவது சாதாரணம். வாயால் குடிக்கலாம் என்ற பின்பும் குடிக்காமல் பாட்டிலையே நம்பிக் கிடப்பது தேறுவதைத் தள்ளிப்போடும். இவை எல்லாம் இரண்டாம் கேள்விக்கு, செய்ய முடியுமா என்பதற்கு, ‘ஆம்’ என்ற விடை தருபவை. இவைதான் சொல்லப்படுவதே இல்லை.

கேள்வித்தாளின் வெற்றி

மூன்றாம் கேள்விக்கு வருவோம். போதனை வேலை செய்கிறது என்று நிறுவ, செவிலியர் கல்லூரிகளின் எம்.எஸ்ஸி. ஆய்வேடுகள் ஏராளம். வடிவம் பெரும்பாலும் ஒன்று: ‘தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் … பற்றிய அறிவின் மீது கட்டமைக்கப்பட்ட போதனைத் திட்டத்தின் விளைவு’. ஒரே குழு. போதனைக்கு முன் ஒரு கேள்வித்தாள், போதனை, சில நாள் கழித்து அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடும், புள்ளியியல் சோதனை முக்கியத்துவம் காட்டும், திட்டம் பயனுள்ளது என்று முடிவு எழுதப்படும்.

இந்த வடிவத்தில் தோற்பது கடினம். ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், நாட்கள் செல்லச் செல்லத் தானாகத் தெரிந்துகொண்டதையும் போதனையால் தெரிந்துகொண்டதையும் பிரிக்க முடியாது. அதே கேள்விகளை இரண்டாம் முறை பார்ப்பதே மதிப்பெண்ணைக் கூட்டும். மிக முக்கியமாக, அளக்கப்படுவது அறிவு. நோயாளிக்கு வேண்டியதோ நடத்தை. ‘ஸ்பைனல் ஊசி எந்த இடத்தில் போடப்படுகிறது?’ என்பதற்கு நான்கு விடைகளில் சரியானதைத் தொட்டவர், குமட்டல் வந்ததும் மருத்துவரைக் கூப்பிட்டாரா என்று அந்த ஆய்வு கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் உண்மையில் பட்டினி கிடந்தார், எத்தனை கேஸ்கள் காபி குடித்ததால் தள்ளிப்போயின, எத்தனை பேர் தனியாக எழுந்து விழுந்தார்கள், தலைவலியோடு எத்தனை பேர் சரியான நேரத்தில் திரும்பி வந்தார்கள் என்பவையெல்லாம் கேஸ் ஷீட்டிலும் தியேட்டர் பதிவேட்டிலும் இருந்தே எண்ணக் கூடியவை. எண்ண மெனக்கெடுவதில்லை. மருத்துவமனைத் தரச் சான்று கேட்கும் இடங்களில் ‘நோயாளிக்குப் போதனை அளிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் விழுகிறது. டிக் சொல்லப்பட்டதற்குச் சாட்சி, புரிந்ததற்கு இல்லை.

யார் சொல்வது?

இன்னொரு குழப்பம், எல்லை பற்றியது. பல வார்டுகளில் மயக்க மருந்துக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் செவிலியர் தலையில் விழுகிறது. “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு” என்பதில் அந்த வேலை முடிகிறது. இது போதனையாகாது, செவிலியரின் பொறுப்பும் ஆகாது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நோய் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து முழு மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையும் சூலகங்களும், வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலை வாங்கி அகற்றப்பட்டிருந்தன. நினைவு திரும்பிச் சம்மதிக்கும் நிலையில் உள்ள ஒருவருக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, இன்னொருவர் சம்மதிக்க முடியாது என்றும், போதுமான தகவல் அறிந்து தரும் சம்மதமே சம்மதம் என்றும் நீதிமன்றம் சொன்னது. மயக்கத்தின் ஆபத்தை விளக்கிச் சம்மதம் பெறுவது மயக்க மருத்துவரின் கடமை. அவர் சொன்னதை நோயாளியின் மொழிக்குக் கொண்டுவருவதும், புரிந்ததா என்று பார்ப்பதும், புரியவில்லை என்றால் மருத்துவரைத் திரும்ப அழைப்பதும் செவிலியரின் கடமை. இரண்டும் ஒருவர் கையில் வந்து சேரும்போது இரண்டுமே நீர்த்துப்போகின்றன.

‘நேரம் எங்கே?’ என்ற கேள்வி நியாயமானது. ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும் வார்டில் அரைமணி நேர வகுப்பு கனவு. அதனால்தான் போதனையைக் கூட்டச் சொல்வதில் பயனில்லை. உள்ளதைக் குறைத்து மாற்ற வேண்டும். வகைகளைப் பட்டியலிடும் நேரத்தை உணர்வுக்கும் நீருக்கும் மாற்றிக் கொடுத்தால் கூடுதலாக ஒரு நிமிடமும் தேவையில்லை.

தீர்ப்பு

மூன்று கேள்விகளுக்கும் விடையைத் தொகுக்கலாம். உண்மை என்ற அளவில், மயக்கம் பற்றிய போதனை பெரும்பாலும் தேறுகிறது, தலைகாணிக் கட்டளையில் சறுக்குகிறது. நீர் பற்றிய போதனை நள்ளிரவுக் கட்டளையால் தோற்கிறது. பயன் என்ற அளவில், வகைப் பாடம் பெரிதும் வீண்; சொல்லப்படாத நீர்ப் பாடம்தான் நோயாளிக்கு வேண்டியது. சரிபார்ப்பு என்ற அளவில் போதனை இன்னும் தேர்வுக்கே உட்காரவில்லை. கேள்வித்தாளும் டிக் கட்டமும் தேர்வாகா.

ஆகவே இந்தப் போதனை கைவிடத் தக்கது என்று சொல்ல மாட்டேன். 1964ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய பலன் இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இப்போதுள்ள வடிவத்தில் அது தேறவில்லை என்று சொல்வேன். அதற்குக் காரணம் செவிலியர்களின் அக்கறைக் குறைவு என்று ஏற்கவும் முடியாது; யாரும் திருத்தித் தராத கட்டளைகளைத்தான் அவர்கள் வாய்வழியாகப் பெற்று வாய்வழியாகக் கடத்துகிறார்கள். திருத்தும் பொறுப்பு மயக்கத் துறைக்கும் செவிலியர் கல்விக்கும் சமமாக உண்டு. மயக்க மருத்துவர் முதல் நாள் மாலையே தண்ணீருக்கான கடைசி மணியை ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் எழுதட்டும். செவிலியர் அந்த மணியை நோயாளியிடம் சொல்லி, அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்கட்டும். அடுத்து ஆய்வேடு எழுதும் மாணவி, கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு, அந்த வார்டில் நோயாளிகள் உண்மையில் எத்தனை மணி நேரம் தண்ணீரின்றி இருந்தார்கள் என்று எண்ணட்டும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் பணமோ வேண்டாம். அந்த எண்ணிக்கை இறங்கினால் போதனை வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வேன், இறங்காதவரை செய்யவில்லை.